கோந்தக்காவின் கையேடு

சோப்புத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற அந்தப் பெண்ணுக்கு மின்னல் என்று பெயர் வைத்தது யாரென்று யாருக்கும் நினைவில்லை. கை அத்தனை வேகம். அப்பேர்ப்பட்டவள் அன்று காலை மேனேஜர் அறை வாசலில் மழையில் நனைந்த கோழி மாதிரி ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு நாள் வராமல் போனால், வேலையை விட்டுவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். அங்கே அதுதான் விதி. அவளுக்கான கடிதம் உள்ளே மேசைமேல் தயாராக இருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அவள் என்னவோ சொல்லாமல் இருந்துவிடவில்லை. பையன் மூச்சிரைப்போடு ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு நாளும், பணியாளர் கையேட்டில் இருந்த எண்ணுக்கு விடிந்ததும் விடியாததுமாகப் போன் செய்தாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. துணைக்கு வந்திருந்த நாத்தனார், “என்ன அண்ணி, ஆபீசைக் கூப்பிடறீங்களா, கடவுளைக் கூப்பிடறீங்களா? இவ்வளவு நேரம் அடிச்சும் ஒருத்தரும் காது கொடுக்கலையே” என்றாள்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

மேனேஜர் கொடுமைக்காரர் இல்லை. அவள் நீட்டிய போனை வாங்கிப் பார்த்துவிட்டு, “கூப்பிட்டிருக்கே, இல்லேன்னு சொல்லலை. ஆனா யார்கிட்டம்மா சொன்னே?” என்று கேட்டார். “வருகைப் பதிவு மேசையில விடியறதுக்கு முன்னாடியே ஆள் உட்கார்ந்திருக்கு. போனே அடிக்கலைன்னு அவங்க அடிச்சுச் சொல்றாங்க. நான் யாரை நம்பறது?”

“அடிச்சுது சார்” என்றாள் மின்னல்.

விதியைப் படித்துக் காட்டுவதற்காகக் கோந்தக்காவை வரச்சொல்லியிருந்தார்கள். கையேட்டைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. விதி ஒன்று மாறினால் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைக் குத்திவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போகிற ஆளில்லை அவள். ஒவ்வொரு பிரிவிலும் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஆணியில் தொங்குகிற கையேட்டைத் தேடிப் போய், பழைய வரியின்மேல் புது வரியை அச்சடித்த துண்டை ஒட்டிவிட்டு வருவாள். கோந்து பாட்டில் அவள் கையைவிட்டு இறங்கி யாரும் பார்த்ததில்லை. ஒட்டுவதற்குமுன் அந்த விதியைத் தானே ஒரு தடவை செய்து பார்ப்பாள். ‘தீப்பிடித்தால் பின்பக்கக் கதவு வழியாக வெளியேறவும்’ என்று எழுதியதை ஒட்டும் முன் அந்தக் கதவைத் தோளால் தள்ளிப் பார்த்தவள் அவள். கதவு அசையவில்லை. “புத்தகத்துல கதவு இருக்கு, கதவுக்கு அந்தப் பக்கம் சைக்கிள் இருக்கு. எதை முதல்ல திருத்தறது?” என்று கேட்டு, சைக்கிள்களை எடுக்கவைத்த பிறகுதான் ஒட்டினாள்.

அன்றும் அப்படித்தான். விதியைப் படித்தாள். எண்ணைப் படித்தாள். படித்த வாயை மூடாமலே மேனேஜரின் செல்போனை இழுத்து அந்த எண்ணை அழுத்தினாள்.

மணி அடித்தது.

“அடிக்குது சார்.”

“கேட்குது. எங்கே அடிக்குதாம்?”

“அதைத்தான் பார்க்கணும். நிறுத்திடாதீங்க, அதுவா நின்னா மறுபடி அழுத்துங்க, கையிலயே வச்சுக்கிட்டு வாங்க.”

மேனேஜர் முன்னால், கோந்தக்கா நடுவில், மின்னல் கடைசியில். மாடியில் வருகைப் பதிவு மேசை. அங்கே போன் ஊமையாக உட்கார்ந்திருந்தது. படியிறங்கிக் கீழே வந்தார்கள். சோப்பு வாடை அடிக்கிற நடைவழியின் கோடியில், பூட்டிய கதவுக்குப் பின்னால், எலி கத்துவதுபோல் மெல்லிசாக ஒரு சத்தம். சாவி வந்தது. கதவைத் திறந்தால் கூரைவரை காலி அட்டைப் பெட்டிகள். பாதிக்குமேல் மின்னலே மடித்து அடுக்கியவை. அவற்றை விலக்கிய மேனேஜர், தரையில் தூசியோடு அடித்துக்கொண்டிருந்த தொலைபேசியைப் பழக்க தோஷத்தில் எடுத்து, “ஹலோ” என்றார். அவர் கையிலிருந்த இன்னொரு போனும் “ஹலோ” என்றது.

சிரிக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. அவரே சிரித்துவிட்டார்.

“இங்கேதான் சார் அந்த மேசை இருந்துது” என்றாள் கோந்தக்கா. “மாடிக்குத் தூக்கினப்போ நாற்காலிக்கு நானும் ஒரு கை கொடுத்தேன். மேலே புது போன், புது நம்பர். சாமான் இடம் மாறுதுன்னு பார்த்தேனே தவிர, விதி மாறுதுன்னு தோணலை. என் தப்பு. புத்தகம் சொன்னதைத்தான் இந்தப் பொண்ணு செஞ்சிருக்கா. நம்ம புத்தகத்தை நம்பினவளை நாமே கைவிட்டா, அப்புறம் அதை யார் திறந்து பார்ப்பாங்க?”

மேனேஜர் மேலே போய்க் கடிதத்தை நாலாகக் கிழித்தார். அந்த இரண்டு நாளும் விடுப்புக் கணக்கில் ஏறியது. இனிமேல் ஒரு மேசையை நகர்த்துவதானாலும் கோந்தக்காவுக்குச் சொல்லிவிட்டுத்தான் நகர்த்த வேண்டும் என்று அன்றைக்கே உத்தரவும் போட்டார்.

மின்னலுக்கு அப்போதுதான் கண் கலங்கியது. நன்றி சொல்ல வாயெடுத்தாள். கோந்தக்கா அதற்கு இடம் கொடுக்கவில்லை.

“துண்டு அச்சடிச்சாச்சு. ஆனா வீட்டிலிருந்து ஒருத்தர் கூப்பிட்டுப் பார்க்காம நான் ஒட்டமாட்டேன். நாளைக்குக் காலையில உனக்குக் காய்ச்சல். மறந்துடாதே.”

“மறுபடியும் லீவா?” என்றார் மேனேஜர்.

“போனை வச்சதும் காய்ச்சல் விட்டுடும் சார். நேரத்துக்கு வந்துடுவா.”

மறுநாள் விடியும்போது பையன் சீராக மூச்சு விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். மின்னல் புது எண்ணை அழுத்தினாள். நாத்தனார் காதைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டாள். முதல் மணி முழுசாக அடிக்கவில்லை. அந்தப் பக்கம் எடுத்தாகிவிட்டது.

“சொல்லும்மா, உடம்புக்கு என்ன?” கோந்தக்காவின் குரல்.

மின்னல் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் போனைப் பிடுங்கி, “காய்ச்சல் விட்டுடுச்சுங்க. அண்ணி கிளம்பிட்டாங்க, நீங்க ஒட்டிடுங்க” என்றாள்.