பூஜ்யத்தில் முடிந்த இடுப்பளவுகள்

அலுவலகத்தில் அவளைச் 'சல்லடை' என்றுதான் சொல்வார்கள், முகத்துக்கு நேராக அல்ல. வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பவர்கள் நிரப்பிக் கொண்டுவரும் சுகாதாரப் படிவங்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. யார் எத்தனை சிகரெட் பிடிக்கிறார்கள், எத்தனை மணிக்குப் படுக்கிறார்கள், ரத்த அழுத்தம் எவ்வளவு, இடுப்பு எவ்வளவு என்று ஊரின் பழக்கவழக்கம் மொத்தமும் அவள் கம்ப்யூட்டரில் வந்து வரிசையாக நிற்கும். பதினோரு வருடமாக இதைப் பார்த்துப் பார்த்து மனிதர்கள் மேல் அவளுக்குக் கோபமும் போய்விட்டது, வியப்பும் போய்விட்டது. படிவத்தை நம்பினால் ஊரில் முக்கால்வாசிப் பேர் தினமும் அரை மணி நேரம் நடக்கிறார்கள். எந்தத் தெருவில் நடக்கிறார்கள் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

மக்கள் கொஞ்சம் அப்படி இப்படிச் சொல்லிவிட்டுப் போகட்டும் என்பது அவள் கட்சி. கணக்கெடுப்பவர் பொய் எழுதக்கூடாது, அவ்வளவுதான். வெயிலுக்குப் பயந்து வீட்டு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, போகாத வீட்டுக்குப் போனதாகப் படிவம் நிரப்பும் கில்லாடிகள் உண்டு. மனதிலிருந்து எழுதும் எண்கள் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வந்து விழும். அதை வைத்தே இதுவரை ஏழு பேரைப் பிடித்து வேலையை விட்டு அனுப்பியிருக்கிறாள். ஒருவருக்காகவும் அவளுக்குச் சாப்பாடு இறங்காமல் போனதில்லை.

எட்டாவதாக மாட்டியவர் நெட்டை அண்ணன்.

இருபத்திரண்டு வருட சர்வீஸ். நிலைப்படியில் தலை இடிக்காமலிருக்கக் குனிந்து குனிந்தே லேசாகக் கூன் விழுந்தவர். மூஞ்சியில் அடித்தாற்போல் கதவைச் சாத்துகிற வீட்டில்கூடப் பத்து நிமிடத்தில் உட்கார நாற்காலி வாங்கிவிடுவார். இந்தத் தடவை அவர் முடித்துக் கொடுத்தது நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள், வீட்டுக்கு ஒருவர். கிட்டத்தட்ட அத்தனை பேரின் இடுப்பும் எண்பது, தொண்ணூறு, நூறு சென்டிமீட்டர் என்று பூஜ்யத்தில் முடிந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில தொண்ணூற்றைந்து. உயரமும் அதே லட்சணம். ஒரு பகுதி ஜனங்கள் முழுக்க ரெடிமேடாகப் பிறந்திருக்க முடியாது.

அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, மனுஷன் வீட்டில் உட்கார்ந்தே எழுதித் தள்ளிவிட்டான் என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார். நெட்டை அண்ணனுக்கும் ஃபோன் போட்டுத் திட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் அவள் விசாரித்துக் காரணம் பதிய வேண்டும். கற்பனை என்று பதிந்தால் ஆளுக்கு வேலை போகும்; அவர் கொண்டுவந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரும் கணக்கிலிருந்தே அழிக்கப்படுவார்கள்.

அவள் உடனே பதிந்திருப்பாள். ஒரு விஷயம்தான் உறுத்தியது. ரத்த அழுத்தம் மட்டும் நூற்று இருபத்தேழு, நூற்று நாற்பத்து மூன்று, நூற்றுப் பதினெட்டு என்று ஒழுங்கில்லாமல், நிஜம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. இடுப்பைக் கற்பனையில் எழுதுகிறவர் ரத்த அழுத்தத்துக்கு மட்டும் எதற்காக மெனக்கெட வேண்டும்? ஒரு நாளை ஒதுக்கி, அந்தப் பட்டியலில் இருபது வீடுகளுக்கு அவளே போனாள்.

இருபது வீட்டிலும் நெட்டை அண்ணன் வந்திருந்தார். உட்கார்ந்திருந்தார், எல்லாக் கேள்வியும் கேட்டிருந்தார். ஒரு தையல்காரம்மா அவர் வந்த நாளையும் கிழமையையும்கூடச் சொன்னார். நாடாவை இடுப்பில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்றாராம். தொழில்தெரிந்த அந்த அம்மாள்கூட எழுபத்தெட்டை எண்பது என்று ஒரு ரவுண்டாகச் சொல்லியிருக்கிறார். மாடியில் குடியிருக்கும் டாக்ஸி டிரைவர் மூச்சைப் பிடித்து வயிற்றை எக்கியும் நூற்று எட்டுக்குக் கீழே இறங்கவில்லை. கூசாமல் நூறு என்று சொன்னதாகச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். ரத்த அழுத்தக் கருவியில்தான் எண் கட்டைவிரல் பருமனுக்குத் தெரியும். அதைக்கூட அவர் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த்தான் பார்த்தார் என்றார் டிரைவர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்கு எல்லாம் ஒன்றுடன் ஒன்று பொருந்தியது. படிவத்தில் கட்டத்துக்கு வெளியே விழுந்திருந்த டிக்குகள். ஒரு வரிக்கு இரண்டு வரி இடம் பிடிக்கும் எழுத்து. கேள்விகள் அவருக்கு மனப்பாடம், படிக்கவே வேண்டாம். பதினோரு வருடமாக எண்களை முறைத்துப் பார்த்தவள் மனுஷனைப் பார்க்கவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. நாடா இழுபட்டுவிட்டது என்று காரணம் எழுதிவிடலாமா என்றும் ஒரு யோசனை ஓடியது. எழுதினால் திங்கட்கிழமை அவர் கையில் புது நாடாவைக் கொடுத்து, கண் சரியாகத் தெரியாத மனுஷனை மறுபடி வண்டிகள் ஓடும் தெருவில் தள்ளிவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நெட்டை அண்ணன் வந்தார். கதவைச் சாத்திவிட்டு, அவள் வாயைத் திறக்குமுன் ஒரு கடிதத்தை மேஜைமேல் வைத்தார். எந்த வீட்டுக்கும் போகவில்லை, எல்லாம் வீட்டில் உட்கார்ந்து எழுதியவை, தவறு தன்னுடையதே என்று இருந்தது. கீழே கையெழுத்து.

இருபது வீட்டுக்குத் தான் போய்வந்ததை அவள் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள். ஒன்றரை வருடமாம். கண்ணாடியை மூன்று தடவை மாற்றியாயிற்றாம். இது கண்ணாடிக்கு அடங்கும் சமாச்சாரம் இல்லை, போனது திரும்பாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டாராம். வீட்டில் மனைவிக்கே இன்னும் தெரியாது.

"அப்புறம் ஏண்ணே இப்படி எழுதிக் கொடுக்கறீங்க? செய்யாத தப்ப ஏன் தலையில போட்டுக்கறீங்க?"

"பொய்க்காரன்னு அனுப்பினா நாளைக்கே வேற எடத்துல வேலை கேக்கலாம்மா. ஒலகத்துல எல்லாரும் பொய்க்காரன்தான், எவனாவது சேத்துக்குவான். கண்ணு தெரியாதவன்னு அனுப்பினா யாரு சேத்துக்குவா?"

ஆறுதல் சொல்லும் வித்தை அவளுக்கு எப்போதுமே கைவந்ததில்லை. தெரிந்தது ஒன்றுதான். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, அவருடைய நானூற்றுப் பன்னிரண்டு பேரையும் திறந்தாள். பார்வை எப்படி என்று ஒரு கேள்வி படிவத்தில் உண்டு. 'மிகவும் சிரமம்', 'அறவே தெரியாது' என்று சொன்னவர்களை மட்டும் பிரித்தாள். பக்கத்திலேயே தொழில் என்று ஒரு பத்தி.

"உங்க ஏரியாவுல முப்பத்தோரு பேருண்ணே. அதுல பத்தொம்பது பேருக்கு வேலை இல்ல, வீட்டோட இருக்காங்க."

பத்தொன்பதை மறைத்திருக்கலாம். மறைத்தால் அவள் சல்லடை இல்லை.

"மீதி பன்னெண்டு பேரு வேலை பாக்கறாங்க" என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். ஆஸ்பத்திரியில் ஃபோன் எடுப்பவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர். சலவைக்கடையில் துணி மடிப்பவர்கள் இரண்டு பேர். சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுபவர். ஆள் பெயர் எதுவும் அதில் இல்லை, வயதும் தொழிலும்தான். பன்னிரண்டையும் அவசரப்படாமல் படித்து முடித்தாள். கடைசியாக மேஜையிலிருந்த கடிதத்தை விரலால் தட்டினாள்.

"எல்லாம் வீட்ல உக்காந்து எழுதினதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்படின்னா இவங்க யாருமே கெடையாது. நாலு மணிக்கு அழிச்சிடுவேன். நெஜம்னு சொன்னீங்கன்னா இடுப்பும் உயரமும் மட்டும் போகும், மத்ததெல்லாம் நிக்கும். ஆனா காரணம் கண்ணுதான்னு எழுதணும். உங்கள இனி தெருவுக்கு அனுப்ப மாட்டாங்க. வேற வேலை தருவாங்களான்னு எனக்குத் தெரியாது. கேட்டுப் பாக்கறேன், அவ்வளவுதான் என்னால முடியும்."

அவர் நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டார்.

"பஞ்சர் கடைக்காரர் இருக்காரும்மா" என்றார் கடைசியில். "டியூப காதுகிட்ட வச்சுக் கேட்டே ஓட்டைய கண்டுபிடிச்சிடுவாரு. ஃபாரம் முடிஞ்சப்புறமும் நான் அரை மணி நேரம் அங்கயே நின்னுக்கிட்டிருந்தேன்."

அவர் கடிதத்துக்காகக் கையை நீட்டினார். கை நாலு விரல் தள்ளிப் போய் மேஜைக் காலண்டர்மேல் விழுந்தது. இத்தனை நாள் அவர் அதை ஏதாவது பேச்சில் மழுப்பியிருப்பார். இப்போது மழுப்பாமல் மேஜையைத் தடவித் தடவிக் கடிதத்தை எடுத்தார். இரண்டாகக் கிழித்தார், நான்காகக் கிழித்தார்.

"குப்பைக் கூடை எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"வலது பக்கம்ணே. கால்கிட்ட" என்றாள் அவள்.