கொடியேறிய நாட்களில் கப்பலின் சாப்பாடு

கப்பல் எங்கள் பூனையின் பெயர். வளவுக்குள் அது ஆடி அசைந்து வருவதைப் பார்த்து அப்பா வைத்த பெயர். சோறும் பாலும் தின்று அப்படி ஆகியிருந்தது. பிறகு ஒரு மாதத்துக்குள் முள்ளந்தண்டு தெரிய மெலிந்தது. கோழிகளுக்கு வைத்த தண்ணீரையும் சேர்த்துக் குடித்து முடித்தது. மிருக வைத்தியர் அதன் காதில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "சீனி வருத்தம்" என்றார்.

"பூனைக்கோ?" என்று அம்மா கேட்டார். எங்களுக்குப் பின்னால் ஆட்டுக்குட்டியோடு இருந்தவர் சிரித்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

காலையும் மாலையும் இன்சுலின் போடவேண்டும். சோறு, பால், பிஸ்கட் எதுவும் கூடாது. மீன், இறைச்சி என்று மச்சம் மட்டும். வேளை தவறாமல் அப்படிச் சாப்பிட்டால் சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாமல் போகும் என்றார் வைத்தியர். அதற்கென்றே தகரத்தில் அடைத்து வரும் சாப்பாட்டைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்கலாம் என்றும் சொன்னார். விலையைக் கேட்டதும் நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். நான் உயிரியல் பட்டதாரி. வேலை இன்னும் கிடைக்கவில்லை. விறாந்தையில் தரம் பத்துப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தக் காசு இன்சுலினுக்குச் சரி.

ஆகவே குளத்தடிக்குப் போனேன். அங்கே வலை இழுப்பவர்கள் பெரிய மீன்களை ஒட்டுசுட்டான் சந்தைக்கு அனுப்பிவிட்டு, முள் மலிந்த சின்ன மீன்களை ஒதுக்கிவிடுவார்கள். முதல் நாள் கேட்கக் கூச்சப்பட்டு மரத்தடியில் நின்றேன். இரண்டாம் நாள் அவர்களில் ஒருவரே, "தங்கச்சி ஆரையேன் தேடுறியளோ?" என்றார்.

"சின்ன மீனை."

அதன் பிறகு காலையில் எனக்கென்று ஒரு பை மரத்தில் தொங்கியது. மீனை உப்பில்லாமல் அவித்து, முள்ளெடுத்து, மசித்து வைப்பேன். கப்பல் கிண்ணத்தைத் தள்ளிக்கொண்டே சுவர்வரை போகும்.

முதல் கிழமையில் ஒரு பிழை விட்டேன். ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டை வைத்தேன். அது முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்தது. கொஞ்ச நேரத்தில் கால்கள் நடுங்கி விழுந்தது. சீனித் தண்ணீரை அதன் பல்முரசில் தடவித் தடவி எழுப்பினேன். அன்றிலிருந்து முதலில் சாப்பாடு. பிறகுதான் ஊசி. சாப்பிடாவிட்டால் ஊசி இல்லை.

வைகாசியில் அம்மன் கோயிலில் கொடி ஏறியது. எங்கள் ஊரில் கொடி ஏறினால் இறங்கும்வரை ஒரு வீட்டிலும் மச்சம் இல்லை. மீன்காரரின் மோட்டார் சைக்கிள் எங்கள் தெருவுக்கே திரும்பாது. அம்மா மச்சச் சட்டிகளைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் கவிழ்த்துவிட்டு, குசினியை மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவினார்.

"அம்மா, கப்பலுக்கு?"

"சோயாமீற் அவிச்சுக் குடு."

"அது தின்னாது."

"பசிச்சால் தின்னும். சாமி கோயில்ல கொடியேறி நிக்கேக்க இந்த வீட்டில மீன் அவியாது, சொல்லிப்போட்டன்."

சோயாமீற்றைக் கப்பல் முன்காலால் ஒருமுறை தட்டிப் பார்த்தது. பிறகு அம்மாவைப் பார்த்தது. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, திரும்பாமலே சொன்னார்:

"வாய்க்காலுக்கு அங்கால, வயல் கொட்டில்ல வைச்சு என்னண்டாலும் செய். இஞ்சால ஒரு செதிலும் வரப்படாது. நீயும் முழுகிப்போட்டுத்தான் படலைக்குள்ள வரவேணும்."

அப்படித்தான் கப்பல் சைக்கிளில் போகத் தொடங்கியது. மூடியுள்ள சந்தைக் கூடையில் வைத்துக் கட்டினால் வாயே திறக்காது. வழியில் பார்ப்பவர்கள், "பிள்ளை கோழி விக்கப் போறியோ?" என்பார்கள். ஓம் என்று தலையாட்டிவிட்டு மிதிப்பேன். கொட்டிலில் மூன்று கல் அடுக்கி, குளத்தடிப் பை மீனைக் காலையில் இரண்டு வேளைக்கும் சேர்த்து அவிப்பேன். மாலைப் பங்கைச் சட்டியில் மூடி, மேலே கல் வைத்து, மாலையில் மறுபடி கொதிக்கவைத்துக் கொடுப்பேன். பிறகு ஊசி. பிறகு வாய்க்காலில் முழுக்கு.

காதில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைச் சீனி அளக்கும் கருவியில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் சீனி இறங்கிக்கொண்டே வந்தது. வைத்தியருக்குத் தொலைபேசியில் சொன்னேன். மருந்தைக் குறைத்தார்.

"நல்லாத்தான் வருது. திருவிழா முடியுமட்டும் இப்பிடியே போனால் ஊசியை நிப்பாட்டிப் பாப்பம். ஆனா ஒரு வேளையும் பிசகக்கூடாது, என்ன?"

அன்று சைக்கிளை எழுந்து நின்று மிதித்தேன்.

அடுத்த நாள் மாலைப் பங்கில் இரண்டு மீன் குறைந்திருந்தது. கீரி என்று நினைத்தேன். மறுநாள் நான்கு. மரநாயாக இருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் மூடி மூடியபடி இருந்தது. கல்லும் மூடிமேல் இருந்தது. இலங்கையின் முலையூட்டிகள் பற்றி நான் படித்தவரையில், தின்றுவிட்டுச் சட்டியை மூடிக் கல்லும் வைப்பது ஒன்றுதான். அது யார் என்று கேட்டுத் திரிய எனக்கு வெட்கம். காலையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக அவித்துவைத்தேன். கூடுதலாகப் போனது.

தேருக்கு முதல் நாள் மாலை கொஞ்சம் நேரத்தோடு போனேன். கொட்டிலுக்குள் பசளைப் பையின்மேல் அப்பா இருந்தார். கோயில் வேட்டி, மார்பில் மூன்று குறி திருநீறு, மடியில் சட்டி. பக்கத்தில் கடதாசியில் உப்பும் மிளகாய்த்தூளும், பாதித் தேசிக்காயும். கடைசி மீனின் வாலைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை," என்றார். பிறகு, "உப்பில்லாமல் எப்பிடித்தான் இந்தச் சீவன் தின்னுதோ, பாவம்" என்றார்.

"அப்பா!"

"கொடியேறின நாளில இருந்து கத்தரிக்காயும் பருப்பும் பிள்ளை. பருப்பும் கத்தரிக்காயும். கோயில்ல அன்னதானத்துக்குப் போனால் அங்கையும் அதுகள்தான் இருக்கு."

கூடைக்குள் கப்பல் மூடியை முட்டியது. மீன் வாசம் அதற்கும் தெரிந்திருந்தது. நான் சட்டியை எட்டிப் பார்த்தேன். முள்ளும் தண்ணீரும். வலைக்காரர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

"இனி ஊசி போடேலாது," என்றேன். "திண்டால்தான் போடலாம். ஒரு வேளையும் பிசகக்கூடாதெண்டவர். நிப்பாட்டிப் பாப்பமெண்டவர், அப்பா."

அப்பா கையிலிருந்த வாலைப் பார்த்தார். அதைக் கூடைக்குள் போட்டார். கப்பல் ஒரே வாயில் விழுங்கிவிட்டு மறுபடி முட்டியது. அவர் எழுந்து வேட்டியைத் தொடைக்குமேல் மடித்துக் கட்டினார்.

"உன்ர சால்வையைத் தா."

என் பருத்திச் சால்வை வலையாயிற்று. வாய்க்காலின் கதவுக்குக் கீழே, தண்ணீர் தேங்கும் குழியில் இறங்கினோம். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நான். முதல் இழுப்பில் ஒரு செருப்பு வந்தது. இரண்டாவதில் சேறு. மூன்றாவதில் அப்பா வழுக்கி, நெஞ்சளவு தண்ணீரில் இருந்துவிட்டார். எழும்பியபோது திருநீறு கரைந்து வயிற்றில் கோடாக இறங்கியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்தமுடியவில்லை.

"சிரிக்காத, மீன் ஓடும்!" என்று அவரும் சிரித்தார்.

அந்த நேரம் பார்த்து வாய்க்கால் கரைப் பாதையில் உழவு இயந்திரம் ஒன்று நின்றது. கோயில் தலைவர் ஐயாத்துரை மாமா. தோரணத்துக்கு வாழைக்குலை ஏற்றி வந்துகொண்டிருந்தார்.

"தயாபரன்! என்னடாப்பா இது? நாளைக்குத் தேர். இண்டைக்கு மீனோ?"

அப்பா வாயைத் திறந்தார். அவருடைய பல்லில் மிளகாய்த்தூள் ஒட்டியிருந்தது எனக்குத் தெரிந்தது. மாமாவுக்கும் தெரிந்துவிடும்.

"பூனைக்கு மாமா!" என்று கத்தினேன். நான் அவ்வளவு உரத்துப் பேசி ஒருவரும் கேட்டதில்லை. "கப்பலுக்குச் சீனி வருத்தம். மீன்தான் தின்னலாம். திண்டால்தான் ஊசி போடலாம்!"

மாமா இயந்திரத்தை அணைத்தார்.

"பூனைக்குச் சீனியோ? எத்தினை காட்டுது?"

சொன்னேன்.

"அட, என்னைவிட நல்லாக் கிடக்கு!" அவர் கீழே இறங்கி வந்தார். "அடியே, நடுவில இழுத்து என்ன செய்யிற? கதவுக்குப் பக்கத்துக் கல்லுக்குள்ளதான் நிக்கும். தயாபரன், நீ காலால கலைச்சு விடு. பிள்ளை, சால்வையை இறக்கிப் பிடி. இன்னும் இறக்கு. தூக்கு, தூக்கு!"

சால்வை துள்ளியது. உள்ளே வெள்ளி வெள்ளியாக ஒரு பிடி மீன். மாமா கைதட்டினார். பிறகு தான் யார் என்பது ஞாபகம் வந்ததுபோலக் கையை வேட்டியில் துடைத்தார்.

"கொடி எங்களுக்குத்தானே ஏறினது. பூனைக்கு ஆர் ஏத்தினது?" என்றபடி ஏறிப் போனார். போகும்போது அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "வாயைக் கொப்புளிச்சுப்போட்டு வா" என்றார்.

அடுப்பை மூட்டினோம். ஆற நேரமில்லை, அப்பா வாழையிலையால் விசிற, நான் முள்ளெடுத்தேன். அவர் ஒரு துண்டையும் தொடவில்லை. கப்பல் எல்லாவற்றையும் தின்றது. இலையை நக்கியது. என் விரல்களை நக்கியது. கழுத்துத் தோலைத் தூக்கி ஊசியைப் போட்டேன். அது கவனிக்கவேயில்லை.

தொலைபேசி அடித்தது. அம்மா. பின்னால் மேளம் கேட்டது.

"அப்பா எங்க? சாமி தூக்க ஆள் காணாதெண்டு நிக்கினம்."

அப்பா இரண்டு கையையும் ஆட்டினார்.

"இஞ்ச நிக்கிறார். கப்பலுக்கு மீன் பிடிச்சவர்."

"மீன்? பூனைக்குத்தானே?"

"ஓம் அம்மா. இண்டைக்குப் பூனைக்குத்தான்."

சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே கேட்டது. அப்பா தலையில் கைவைத்தார். அந்தப் பக்கம் அம்மா சிரிக்கத் தொடங்கினார்.

"அதுதானே பாத்தன்! கத்தரிக்காயை ஒரு குறையும் சொல்லாமல் தின்னுறாரே எண்டு. சரி, அது திண்டதோ?"

"முழுக்கத் திண்டிட்டுது. ஊசியும் போட்டாச்சு."

"அம்மாளே. சரி, அந்த மனுசனை ரெண்டு தரம் முழுகிப்போட்டு வரச்சொல்லு."

நான் சொல்வதற்குள் அப்பா வாய்க்காலில் இறங்கிவிட்டார். ஒருமுறை முழுகினார். இரண்டாம் முறை முழுகினார். தலையைத் துடைக்காமல் கொஞ்சம் யோசித்துவிட்டு மூன்றாவது முறையும் முழுகினார்.

"அது என்னத்துக்கு அப்பா?"

"வெள்ளிக்கிழமை ஒரு முட்டையும் திண்டனான் பிள்ளை," என்றார்.