ஐந்தெழுத்து அப்பாசாமி

பலாப்பழ எடைப் போட்டியின் முடிவை மேடை டிவியில் காட்டும் பொறுப்பு கீர்த்தனாவுக்கு வந்தது. சேலத்தில் சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவள் என்பதால் மலைமேல் அவள் சொந்த ஊரான பெரக்கரை நாட்டில் வேறு யாரையும் யாரும் யோசிக்கவில்லை.

லேப்டாப்பில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் எடை. போட்டியில் யார் பெயரும் ஐந்தெழுத்தைத் தாண்டாததால் பெயருக்கு ஐந்து இடம் விட்டாள். மலையேறிய பஸ் தாமதமானதில் புரோகிராமை ஓட்டிப் பார்க்க நேரமில்லை.

மைக் பிடித்தவர், போட்டிக்குப் பழமும் கொடுத்திருந்த சின்னுசாமி. பக்கத்துத் தோட்டத்து அப்பாசாமியின் ஆடு தன் மிளகுக் கொடியை மேய்ந்த நாளிலிருந்து அவரோடு பேசாதவர். திரையில் வந்ததை அப்படியே வாசித்தார்.

"மொதப் பரிசு, முப்பத்தெட்டு கிலோ… அப்பா!"

கூட்டத்திலிருந்து அப்பாசாமி எழுந்தார். "என்ன சாமி, கூப்புட்டியா?"

சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த வரியை அப்பாசாமியே படித்தார். "ரெண்டாவது, சின்ன. பாருங்க, நம்ம ஊட்டுச் சின்னப் பையனே வந்துட்டான்!"

சின்னுசாமிக்கு முகம் சிவந்தது. "ஏங்கண்ணு, எம்பேர்ல பாதி எங்க?"

கீர்த்தனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "கம்ப்யூட்டர் எழுத்தோட புள்ளியையும் காலையும் தனித்தனி எழுத்தா எண்ணுதுங்க மாமா. அஞ்சு ஆனதும் வெட்டிருச்சு."

"காலா? எந்தக் கால? ஆட்டுக் காலயா?"

"இங்க ஆட்டப் பத்திப் பேசாத!" என்றார் அப்பாசாமி.

கீர்த்தனா பெயருக்கான இடத்தை இருபதாக்கினாள். பெயர்கள் முழுசாக வந்தன. ஆனால் புள்ளிகளைக் கம்ப்யூட்டர் எண்ணியதே தவிர, அவை திரையில் தனி இடம் அடைக்கவில்லை. அதனால் எடைகள் கொண்டை ஊசி வளைவுபோல இப்படியும் அப்படியும் ஒதுங்கி நின்றன.

"எடை ஏன் குடிச்சவனாட்டம் தள்ளாடுது?" என்றார் சின்னுசாமி.

வியர்த்துக்கொண்டே யோசித்தவள், எடையை இடப்பக்கம் வைத்துப் பெயரைக் கடைசிக்குத் தள்ளினாள். பெயருக்குப் பின்னால் எதுவுமில்லை. அது எவ்வளவு நீண்டாலும் கவலையில்லை. வரிசை நேரானது. கூட்டம் கைதட்டியது.

சின்னுசாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, "மொதப் பரிசு, அப்பாசாமி" என்று ஒவ்வோர் எழுத்தாக அழுத்திச் சொன்னார். அவர் பெயரைச் சின்னுசாமி வாயால் ஊர் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

அப்பாசாமி அங்கேயே பழத்தை வெட்டி, முதல் சுளைகளை மேடைக்கு அனுப்பினார். சின்னுசாமி ஒன்றைத் தின்றார்.

"தித்திப்பு பத்தலீங்க" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு, இன்னொன்றுக்குக் கையை நீட்டினார்.