ஞானசெல்வி ஏறிய மூன்று பருவங்கள்

ரசலையன் பனையிலிருந்து விழுந்தபோது அவனுக்கு இருபத்திமூன்று வயது. மேற்கே பெருவெள்ளம் வந்த 1924ஆம் ஆண்டின் பங்குனி மாதம் அது. மயிலாடிக்குத் தெற்கே கொட்டில்விளையில் முப்பத்தைந்து பனைகளைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்து ஏறிக்கொண்டிருந்தான். காலை ஏற்றத்தில் பத்தொன்பதாவது பனையின் பாளையைச் சீவிவிட்டு இறங்கத் திரும்பியபோது, கைகொடுத்த மட்டை அடியோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. கீழே உழுது போட்ட மண். அதனால் உயிர் தங்கியது. இடுப்பும் வலது தொடையும் முறிந்தன.

வண்டியில் வைக்கோலைப் பரப்பி அவனை மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவனுடைய அம்மா துணைக்குப் போனாள். மனைவி ஞானசெல்வி போகவில்லை. இடுப்பில் இரண்டு வயதுப் பெண்குழந்தை சத்தியபாய். விளையில், அந்தப் பனந்தோப்பில், முப்பத்தைந்து பனைகள் பாளை விட்டு நின்றன. பாளையை நாள் தவறாமல் சீவாவிட்டால் சுரப்பு நின்றுவிடும், பிறகு அந்த வருஷம் முழுக்க அந்தப் பனை வெறும் மரம்தான்.

ஞானசெல்வியின் அண்ணன் யோவானுக்கு ஏற்கெனவே நாற்பது பனை. அவற்றோடு தங்கையின் பனைகளிலும் பாதியை ஒன்பது நாள் ஏறிப் பார்த்தான். பத்தாம் நாள் விடிலியின் வாசலில் வந்து உட்கார்ந்தான். விடிலி என்பது பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றும் ஓலைக் குடிசை. அவன் நெஞ்சுத் தோல் உரிந்து சட்டை போட முடியாமல் இருந்தது.

“இனி எனக்கு ஏலாது ஏட்டி. பாட்டத்த விட்டுரு” என்றான்.

ஞானசெல்வி அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு அண்ணனுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள்.

மறுநாள் வெள்ளி முளைத்த நேரத்தில் அவள் கணவனின் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினாள். அவனுடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடிக்கிற தளைநாரை மாட்டினாள். விடிலிக்குப் பின்னால் நின்ற குட்டைப் பனையைக் கட்டிப்பிடித்தாள். அன்று ஓராள் உயரம் போய்ச் சறுக்கி விழுந்தாள். மறுநாளும் விழுந்தாள். பனஞ்சிராய் தொடையிலும் முழங்கையிலும் குத்தி நின்றதை ஊசியால் எடுத்துவிட்டு மூன்றாம் நாளும் ஏறினாள். நான்காம் நாள் அவள் கை மட்டையைத் தொட்டது.

அந்த நேரம் பார்த்து யோவான் அவ்வழியாக வந்தான். மேலே ஆள் இருப்பதைப் பார்த்தான், யாரென்று பார்த்தான். கூப்பிட்டால் பதறி விழுந்துவிடுவாள் என்று பயந்து, பனையின் தூரிலே சத்தமில்லாமல் குந்திவிட்டான். அவள் இறங்கி வந்ததும் அவன் ஒருபாடு அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கால் வைக்கிற முறை தப்பு என்று சொல்லி, எப்படி வைக்க வேண்டும் என்று ஏறிக் காட்டினான்.

அவள் பன்னிரண்டு பனையை வைத்துக்கொண்டு மீதியை உடையவரிடமே திருப்பிக் கொடுத்தாள். காலையும் மாலையும் ஏறினாள். நடுவே பதநீர் காய்ச்சினாள்.

ஊர் சும்மா இருக்கவில்லை. கிணற்றடியில் பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஆண்கள் அவள் இறக்கிய பதநீர் வேண்டாம் என்றார்கள். கடைசியில் சபைக் கமிட்டி அவளைக் கோயிலுக்கு வரச்சொன்னது. வெள்ளைக் குப்பாயச் சட்டையும் புடவையுமாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் போய் நின்றாள். பெண்பிள்ளை மரமேறுவது கிறிஸ்தவக் குடும்பத்துக்கு அடுக்காத காரியம் என்று கமிட்டியார் ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். எல்லாவற்றையும் கேட்டு முடித்தபிறகு அவள் சபையை நடத்தும் உபதேசியாரைப் பார்த்தாள்.

“பெம்பிள பன ஏறப்படாதுண்ணு வேதத்துல எந்த அதிகாரத்துல இருக்கு அய்யா? எனக்கு வாசிக்கத் தெரியாது. நீங்க வாசிச்சுச் சொல்லுங்க. நான் இண்ணைக்கே நிறுத்திருதேன்.”

அவள் குதர்க்கமாகக் கேட்கவில்லை. அப்படி ஒரு வசனம் இருந்தால் கீழ்ப்படியத்தான் வந்திருந்தாள். உபதேசியார் நல்ல மனிதர். மேசைமேல் இருந்த வேதபுத்தகத்தைத் திறந்து கொஞ்ச நேரம் புரட்டினார். பிறகு மூடி வைத்துவிட்டு, இந்தச் சகோதரியின் கைகால்களுக்குக் காவலாயிரும் ஆண்டவரே என்று ஜெபம் செய்தார். கமிட்டியாரும் ஆமென் சொல்ல வேண்டியதாயிற்று.

விழுந்து ஏழு வாரம் கழித்து ரசலையன் ஒரு கால் குட்டையாகி, கக்கத்தில் கட்டையோடு திரும்பி வந்தான். ஆஸ்பத்திரியில் யாரும் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. வண்டியிலிருந்து இறங்கும்போது தன்னுடைய தளைநார் வாசல் கொடியில் ஈரத்தோடு தொங்குவதைப் பார்த்தான். யார் ஏறுவது என்று அம்மாவிடம் கேட்டான். அம்மா தலையைக் குனிந்தாள்.

அவன் உள்ளே போய்ச் சுவரைப் பார்க்கப் படுத்துக்கொண்டான். சாப்பாடு வைத்தால் சாப்பிட்டான். மகள் வந்து முதுகில் ஏறினால் ஏறட்டும் என்று கிடந்தான். மனைவியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் கட்டாயப்படுத்தவில்லை. விடியுமுன் அவள் எழுந்து தார்ப்பாய்ச்சிக் கட்டும் அசைவு கேட்கும்போது அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வான்.

ஆனால் காதை மூட முடியவில்லை. வீட்டை ஒட்டி நின்ற இரண்டு பனைகளிலும் அவள் பாளை சீவும் சத்தம் அவனுக்குக் கேட்டது. கத்தியைச் சாய்க்காமல் அழுத்துகிறாள், பாளை நசுங்குகிறது என்பது அந்தச் சத்தத்திலேயே அவனுக்குத் தெரிந்தது. ஆனி மாதம் ஒரு காலையில் சத்தம் மாறியது. மெல்லியதாய், ஓலையைக் கிழிப்பதுபோல, ஒரே இழுப்பு. பத்து வருஷம் ஏறியவன் சீவுகிற சீவல் அது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவள் தானாகவே அதைக் கண்டுபிடித்திருந்தாள்.

அன்று, புளிக்காதிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கி அவள் கொண்டுவந்து வைத்த பதநீரை அவன் ஒரு வாய் குடித்தான்.

“சுண்ணாம்பு கூடிப்போச்சு” என்றான்.

மூன்று மாதத்தில் அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சு அதுதான். அவள் வாசலில் நின்றபடியே, “நாளைக்குக் கொறச்சுப் போடுதேன்” என்றாள். பிறகு விடிலிக்குப் போய் அடுப்புப் புகையில் தாராளமாக அழுதாள் என்று பின்னாட்களில் யோவான் சொல்லித்தான் ரசலையனுக்குத் தெரிந்தது.

அதிலிருந்து அவன் எழுந்து உட்கார்ந்தான். அவள் காலுக்குத் தன்னுடைய தளைநார் அகலம் அதிகம் என்று கணக்குப் பண்ணி, புது நார் கிழித்துச் சின்னதாக ஒன்று முறுக்கிக் கொடுத்தான். நெஞ்சில் கட்டிக்கொள்ள மாட்டுத்தோலில் பட்டை தைத்தான். கையில் வேலை வந்ததும் பனைநாரில் பெட்டி முடைந்தான். பெட்டியிலிருந்து நார்க்கட்டில் பின்னுவதற்குப் போனான். மூன்றாவது வருஷம் மயிலாடிச் சாலையோரம் ஒரு கொட்டகை போட்டு உட்கார்ந்துவிட்டான். அவன் பின்னிய கட்டில் பத்து வருஷம் தொய்யாது என்று பெயர் வந்தது. அந்த வருஷம் ஞானசெல்வி மறுபடி கர்ப்பமானாள். பனையேற்றம் அதோடு நின்றது.

மூன்று பருவம் அவள் ஏறினாள். ஒருநாள்கூட ரசலையன் வெளியே வந்து அதைப் பார்க்கவில்லை. பேச ஆரம்பித்த பிறகும், கட்டையூன்றி நடக்க ஆரம்பித்த பிறகும், அவள் ஏறுகிற நேரம் மட்டும் வீட்டுக்குள்ளேயே இருந்தான்.

1937இல் சபைக்கு ஒரு புது உபதேசியார் வந்தார், வாலிபர். வீட்டு ஜெபங்களில் பாட்டும் பிரசங்கமும் முடிந்தபின் எல்லாரையும் ஏதாவது பேச வைப்பது அவர் வழக்கம். ஒருநாள் சாயங்காலம் யோவான் வீட்டு ஜெபத்தில் அவர் ஒரு கேள்வி போட்டார். இருபது வயதில் இருந்த உங்களையே இப்போது நேரில் சந்தித்தால் என்ன புத்தி சொல்வீர்கள்?

வேலித் தகராறுக்குக் கோர்ட்டுக்குப் போகாதே என்று சொல்வேன் என்றார் ஒருவர். மாமன் கூப்பிட்டபோதே கொழும்புக்குக் கப்பலேறு என்பேன் என்றார் இன்னொருவர். யோவான், புகையிலையைத் தொடாதே என்று சொல்லிவிட்டு மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டான். எல்லாரும் சிரித்தார்கள். ரசலையனின் முறை வந்தது. அன்றைக்குப் பனையில் ஏறாதே என்பான், வேறென்ன சொல்லப்போகிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

அவன் கட்டையை மடியில் கிடத்தி வைத்துக்கொண்டான்.

“ஏறாதண்ணு சொல்ல மாட்டேன். எறங்கும்போ மட்டையப் பாத்துப் பிடியிண்ணும் சொல்ல மாட்டேன். விழுறது ஆருக்கும் உள்ளதுதான். சொவரப் பாத்துக் கெடந்தான் பாருங்க ஒருத்தன், அவங்கிட்டதான் எனக்குச் சொல்லணும். ஏலே, திரும்பிப் படு. வெளிய போய்ப் பாரு. ஒனக்க பெண்டாட்டி பன ஏறுதா. இந்த நாஞ்சில் நாட்டுல வேற ஒருத்தனுக்கும் கெடைக்காத காச்சி அது. நீ வெக்கப்பட்டுக் கண்ண மூடிட்டுக் கெடக்கியேண்ணு சொல்லுவேன்.”

பதின்மூன்று வருஷத்துக்கு முன் அவளைக் கோயிலுக்கு வரச்சொன்ன கமிட்டியாரில் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். அவர்களில் மூத்தவர் எழுந்து, எங்களுக்கும் அதே புத்திதான் உபதேசியாரே என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பெண்கள் பக்கம் எல்லாரும் ஞானசெல்வியையே பார்த்தார்கள். அவள் பாயில் ஒரு கோரையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

வெளிச்சம் இருக்கும்போதே இருவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். அவன் கட்டையின் நடைக்குத் தகுந்தபடி அவள் மெதுவாக நடந்தாள். பாதி விளை தாண்டியபின் பேசினாள்.

“நீங்க வந்து பாத்திருந்தா நான் ஏறியிருக்க மாட்டேன்.”

ஏன் என்று கேட்டான்.

“முதல் வருசம் பூரா எனக்குக் காலு வெறச்சுது. ஒவ்வொரு பனையிலயும் வெறச்சுது. நீங்க கீழ நிண்ணா அது ஒங்களுக்குத் தெரிஞ்சு போயிருக்கும். வேண்டாம் ஏட்டி எறங்குண்ணு ஒரு வார்த்த சொல்லியிருப்பிய. நானும் எறங்கியிருப்பேன். நீங்க சொவரப் பாத்துக் கெடந்ததும் நல்லதுக்குத்தான்.”

இத்தனை வருஷமும் தன்மேல் தானே வைத்திருந்த குற்றத்தை அவள் இப்படி எடுத்துத் தூர வைத்துவிட்டது ரசலையனுக்கு நம்பக் கஷ்டமாக இருந்தது. பயமே இல்லாதவள் என்றுதான் அவளை நினைத்திருந்தான். ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டே இருபத்திநான்கு தடவை ஏறி இறங்கியிருக்கிறாள் என்பது இப்போதுதான் தெரிந்தது. பயமில்லாமல் ஏறுவது அவனுக்கும் தெரிந்த வேலை. இது அவனுக்குத் தெரியாத வேலை. அவன் நின்று அவளை ஒருமுறை பார்த்தான்.

மேலே ஏறியபின்னாவது நடுக்கம் நிற்குமா என்று கேட்டான்.

நிற்கும் என்றாள். எல்லாப் பனையிலும் இல்லையாம். கிழக்கு ஓரத்தில் நின்ற பெரிய பனையில் மட்டும், மட்டைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால், கொஞ்ச நேரம் இறங்கவே மனசு வராதாம்.

“மருந்துவாழ்மலையும் கடலும் ஒண்ணாத் தெரியும்” என்றான் அவன்.

“தெரியும். விடியும்போ கடல்ல பாய்விரிச்ச வள்ளம் போகும்.”

“நீ எத்தன கண்ட?”

“ஒரு நாள் பதினேழு எண்ணினேன்.”

தான் பன்னிரண்டுக்குமேல் எண்ணியதில்லை என்றான் ரசலையன். அவை எந்த ஊர் வள்ளங்களாக இருக்கும், குளச்சலா மணக்குடியா என்று பேசிக்கொண்டே இருவரும் வீடு வந்து சேர்ந்தார்கள்.