மூன்றாவதாக நின்றவள்

மகளிர் நலப் பிரிவில் அவளுக்கு அது மூன்றாவது வாரம். இறுதியாண்டு மருத்துவ மாணவி. அன்று காலை அறுவைக்குப் போகவேண்டிய தையல்கார அக்காவிடம் விவரம் கேட்டு எழுதியவள் அவள்தான். கர்ப்பப்பையில் கட்டி, ஒன்றரை வருடமாக ஓயாத ரத்தப்போக்கு.

"மயக்கம் குடுத்தப்புறம் உள்ள யாரெல்லாம் இருப்பீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"பெரிய டாக்டர், மயக்க டாக்டர், நர்ஸ். நாங்க மூணு ஸ்டூடண்ட்ஸ் ஓரமா நின்னு பார்ப்போம்."

"பார்க்கறதோட சரிதானே?"

"ஆமாக்கா."

அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தியேட்டரில் அக்கா மயங்கியதும் பெரிய டாக்டர் மாணவர்கள் பக்கம் திரும்பினார். "உடம்பு நல்லா தளர்ந்திருக்கு. உள்ள கைவெச்சு, கட்டி எவ்வளவு பெருசுன்னு ஆளுக்கொரு தடவை பார்த்துக்கோங்க. இந்த வாய்ப்பு லேசுல கிடைக்காது."

முதல் இருவரும் பார்த்தார்கள். அவள் முறை வந்தபோது, 'அக்காகிட்ட கேக்கலையே' என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டுக் கையுறையை மாட்டினாள். கட்டி தெளிவாகத் தட்டுப்பட்டது. அளவைச் சரியாகச் சொன்னாள். "கெட்டிக்காரி" என்றார் பெரிய டாக்டர்.

அதன்பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மதியச் சாப்பாட்டைத் தொட்டும் தொடாமலும் எழுந்தாள். வார்டு வாசல்வரை நாலு தடவை போய்த் திரும்பினாள். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று அம்மாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள்.

"உன்னை ஆபரேஷன் பண்ணித்தானே எடுத்தாங்க" என்றாள் அம்மா. "எனக்கும் யாராவது அப்படிப் பார்த்திருப்பாங்களோ?"

மூன்றாம் நாள் அவள் அக்காவின் கட்டிலருகே போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"எத்தனை பேரு?"

"மூணு பேர். நான் மூணாவது."

"ஆம்பளை இருந்தானா?"

"ஒருத்தர்."

அக்கா போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள். "ஒரு சட்டைக்கு அளவெடுக்கணும்னாலும் 'கையைத் தூக்கறீங்களாம்மா'ன்னு கேட்டுட்டுத்தான் டேப்பை வெப்பேன். நீங்க கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பேனோ என்னவோ. இப்ப அது எனக்கே தெரியாமப் போச்சு."

"தப்புதான்க்கா."

"பேப்பர் கொண்டா. புகார் எழுதிக் குடுக்கப் போறேன். உன்னையும் சேர்த்துத்தான்."

அவளே தாளும் பேனாவும் கொண்டுவந்து கொடுத்தாள்.

பெரிய டாக்டர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். "உன்னை யாரு போய்ச் சொல்லச் சொன்னது?"

"யாரும் இல்லை மேடம். பார்க்கறதோட சரின்னு அவங்ககிட்ட சொன்னது நான்தான்."

"நானெல்லாம் இப்படித்தான் கத்துக்கிட்டேன்."

"தெரியும் மேடம்."

இரண்டு வாரம் தியேட்டர் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவாயிற்று. கூடப் படித்த இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா வீட்டுக்குப் போகும்போது அவளைப் பார்த்தாள், சிரிக்கவில்லை, திட்டவுமில்லை.

அந்தப் புகார் நிர்வாகம்வரை போனது. இனி அறுவைக்கு முந்தின நாளே மாணவர்கள் தொட்டுப் பார்க்கலாமா என்று ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று முடிவானது. பெரிய டாக்டர் படிவத்தை அவள் கையில் திணித்தார். "நீயே போய்க் கேளு."

முதல் கட்டிலில் இருந்த பெண், முழுதாகக் கேட்பதற்குள்ளேயே "வேண்டாம்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். அடுத்தவள் யோசித்துவிட்டு, "பொண்ணா இருந்தா, ஒருத்தி மட்டும்" என்றாள்.

இரண்டையும் சொன்னபடியே எழுதிக்கொண்டு, அவள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள்.