தனிமையில் வாடும் வள்ளல்

“பிர்ச் மரம் எங்கப்பா இருக்குது இண்டூர்ல?”

“இல்லீங்க சார். ஒரு அழகுக்காகத்தான்...”

“அடிச்சிட்டுப் புளியமரம்னு போடு. அதாவது இருக்குது.”

தலைமையாசிரியர் சவுரியப்பன் நான் எழுதிய வரவேற்பு மடலின் முதல் பக்கத்தைச் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தார். தர்மபுரி தனி மாவட்டமாகியிருந்த சமயம். அங்கே தோல் வியாபாரம் செய்த காசிம் பாய் எங்கள் உயர்நிலைப் பள்ளிக்கு விஞ்ஞான ஆய்வுக்கூடம் கட்டித்தர முன்வந்து, அன்று மாலை இடம் பார்க்க வருவதாக இருந்தார். கூடம் வந்தால் குடுவை கழுவி வைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த வேலை எனக்குத்தான் என்று சார் என் அம்மா ராஜமேரியிடம் சொல்லியிருந்தார்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்தபின் நான் பார்த்த ஒரே வேலை, ருஷ்ய மொழிபெயர்ப்பு நாவல்களைப் படித்துவிட்டு ஏரிக்கரையில் உட்கார்ந்து துயரப்படுவது. “ஏன்டா இன்னாசி, யாரு செத்துட்டாங்க?” என்பாள் அம்மா. செத்தவர்களின் பெயர்கள் மிக நீளமானவை என்பதால் நான் சொல்வதில்லை.

சார் இரண்டாம் பக்கத்தைப் புரட்டுவதற்குள் கார் சத்தம் கேட்டது.

“மிச்சமெல்லாம் ஒழுங்கா இருக்குதா?”

“இருக்குதுங்க சார்.” உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன்.

நான் படித்த நாவல்களில் வள்ளல்களுக்கு மனைவி இறந்திருப்பாள், பிள்ளை இருக்காது, மார்புநோய் கட்டாயம் இருக்கும். பிள்ளைகுட்டிக்காரர் ஒருவர் பள்ளிக்கூடத்துக்குப் பணம் தருவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. காசிம் பாயை நான் பார்த்ததும் இல்லை. மேடையேறி, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன். புளியமரம் நல்லபடியாகக் கடந்தது.

“தனிமையில் வாடும் பெருந்தகையே! தங்கள் மாளிகையில் மழலைக்குரல் கேட்டதில்லை. ஆயினும், அணையப்போகும் விளக்கு கடைசியாகச் சுடர்விடுவது போல...”

ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. கண்ணைத் திறந்தேன். முன்வரிசையில், மூட்டை தூக்குபவர் போன்ற உடம்போடு காசிம் பாய். பக்கத்தில் அவர் மனைவி ஹமீதுன்னிசா. அதற்கப்புறம் படிக்கட்டு போல ஏழு பிள்ளைகள். அந்த அம்மா உருதுவில் ஏதோ கேட்டார். பாய் பதில் சொன்னார். “யா அல்லா!” என்று அந்த அம்மா கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நான் சாகப்போறேன்னு உனக்கு யாரு தம்பி சொன்னாங்க?” என்றார் பாய். “டாக்டர்கூட இன்னும் சொல்லலையே!”

மைதானமே சிரித்தது. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். “இலக்கியத்துல அப்படித்தாங்க வழக்கம்” என்றேன்.

“எங்க வூட்ல அந்த வழக்கம் இல்லீங்களே.”

பிறகு அவர் இடத்தைச் சுற்றிப் பார்த்தார். “கட்டிக் குடுத்தர்றேன் சார். செவுத்துல எம்பேரு வேணாம். ஒண்ணே ஒண்ணு, ஆசிட்டு, கண்ணாடியெல்லாம் வெக்கிற எடம். நெனப்பு எங்கியோ இருக்கற ஆள உள்ள விட்றாதீங்க.”

சார் என்னைப் பார்த்தார். “சரிங்க பாய்” என்றார்.

நாவலாக இருந்தால் நாயகன் இந்த இடத்தில் ரயில்நிலையத்துக்குத் தனியாக நடந்து போவான். எங்களுக்கு ரயில் நிற்கும் பொம்மிடி ரொம்ப தூரம். நான் காரைப் பார்த்து ஓடினேன். டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டிருந்தார். பாய் இருந்த பக்கத்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன்.

“பாய், குடுவை கழுவறப்ப நான் ஒண்ணுமே நெனைக்க மாட்டேனுங்க. சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறீங்களா?”