இரண்டு கையும் சேர்ந்து விழுந்தால்

எங்கள் ஓசூர் ராக் பேண்டில் டிரம்ஸ் அடித்ததும் சுரேந்தர்தான், பாடியதும் அவன்தான். பாட்டு எழுதிய எனக்கு ஓரமாக நின்று 'ஓ...' என்று இழுக்கிற வேலை. போன மாதம் பெங்களூரு பேண்ட் ஒன்று அவனைக் கூப்பிட்டது. எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளியைத் தாண்டி ஓடிவிட்டான். இனி நான் பாடுகிறேன் என்றேன். கிடார் வாசிக்கும் கௌதம் இழுத்தான். நாங்கள் வாசித்துப் பழகுகிற ஜூஜூவாடி ஷெட்டும் அவனுடையது, மைக்கும் அவனுடையது. ஒரு ஆல்பம் செய்து பார்ப்போம், தேறாவிட்டால் சுரேந்தரையே திரும்பக் கூப்பிடுவேன் என்றான். நான் மறுபடி ஓரத்துக்குப் போக வேண்டும்.

டிரம்ஸுக்கு முனிராஜ் கிடைத்தார். நான் குவாலிட்டி செக்கிங்கில் வேலை பார்க்கும் கம்பெனியில் அவர் தகடு வெட்டும் பிரஸ் ஆபரேட்டர். அந்த மெஷினில் இரண்டு பட்டனையும் இரண்டு கையால் சேர்த்து அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். விரல் போகாமலிருக்க அப்படி ஓர் ஏற்பாடு. வருடக்கணக்கில் அமுக்கிய கைகள் டிரம்ஸிலும் சேர்ந்தே விழுந்தன. டம். பிறகு தகட்டை எடுத்து மாற்றுகிற அளவுக்கு ஒரு மௌனம். மறுபடி டம்.

ஒரு கையை மட்டும் தூக்கச் சொன்னேன்.

"தூக்குனா பயமா இருக்குது மேடம்."

திட்ட வாயெடுத்தபோதுதான் கவனித்தேன், அந்த மௌனத்தில் என் வரி சரியாக உட்காருகிறது. 'உங்க வீட்ல யாரு படிச்சிருக்காங்க?' டம். 'நான்தான்யா.' டம். வேலை இன்டர்வியூவில் என்னை அப்படிக் கேட்ட ஹெச்.ஆரை அறைந்த மாதிரி இருந்தது. கௌதம் இதற்குப் பரிசோதனை இசை என்று பெயர் வைத்தான். ஞாயிற்றுக்கிழமை பதிவு.

ஞாயிறன்று முனிராஜ் சிரித்துக்கொண்டே வந்தார். வாரம் முழுக்க யூடியூப் பார்த்து, சோற்றுக் குண்டானைக் கவிழ்த்துப் போட்டுப் பழகியிருக்கிறார். இடது கை ஒரு பக்கம், வலது கை ஒரு பக்கம், ஆலங்கட்டி மழை மாதிரி கொட்டினார். மூச்சு விடக்கூட இடைவெளி இல்லை. நான் எங்கே பாடுவது?

"பழைய மாதிரியே அடிங்கண்ணா."

"அது கம்பெனிக்கு மேடம். இங்கயும் எதுக்கு அப்படி அடிக்கணும்?"

நியாயம்தான். ஆனால் என் பாட்டு போகிறதே. வந்த கோபத்தில் மைக்கை வாயோடு ஒட்டி, அவர் சத்தத்துக்கு மேலே ஏறிக் கத்தினேன். ஹெச்.ஆரைத் திட்டினேன், சுரேந்தரைத் திட்டினேன், கௌதமையும் பெயர் சொல்லித் திட்டினேன். முனிராஜ் ஒவ்வொன்றுக்கும் வேகம் கூட்டினார். தொண்டை கட்டிய பிறகுதான் நிறுத்தினேன்.

கௌதம் ஹெட்போனில் முழுவதையும் கேட்டான். சுரேந்தரைக் கூப்பிட வேண்டியதில்லை என்றான். தன் பெயர் வருகிற இடத்தை மட்டும் வெட்டிவிடலாமா என்றான்.

"வெட்டாதீங்க தம்பி," என்றார் முனிராஜ். "எனக்குக் கை சூடு புடிச்சதே அந்த எடத்துலதான்."